கடைசிக் கிண்ணம்

எச்சில் வாளி முழுசாகக் கவிழவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். பாதி வாளியிலேயே நின்றுவிட்டது. மிச்சம், ஆர்டர் கொடுக்க வந்திருந்தவரின் பளபளப்பான ஷூவிலும் பேன்ட் விளிம்பிலும் வழிந்துகொண்டிருந்தது.

டீக் கம்பெனியில் ருசி பார்க்கிறவரை எல்லோரும் நாக்கு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்ணம் கிண்ணமாக டீயை வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் உருட்டிவிட்டு, சக்கரம் வைத்த வாளியில் துப்ப வேண்டும். அதுதான் வேலை. காலையிலிருந்து அவரும், சளி பிடித்து இருமிக்கொண்டிருந்த உதவியாளரும் மாறி மாறித் துப்பி நிரப்பிய வாளி அது. வந்தவரும் தன் பங்குக்குத் துப்பியிருந்தார்.

அதைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னதற்கு, மேஜைக் காலில் கொண்டுபோய் மோதியவன் நாக்கு சாருடைய மச்சான். மனைவிக்கு ஒரே தம்பி. கம்பெனியில் அவன் பெயர் தடுக்கி. சமதரையிலேயே தடுக்கி விழுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியின் மடியில் வெந்நீரைக் கொட்டியவன்.

நாக்கு சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். எச்சில் என்றாலே ஆகாத மனிதர் அவர். பெற்ற பிள்ளை கடித்துவிட்டு நீட்டும் பிஸ்கட்டைக்கூட வாங்கமாட்டார். வீட்டில் அவர் தம்ளரை வேறு யாராவது தொட்டுவிட்டால் அன்றைக்கு ரகளைதான். தான் துப்புகிற வாளியையே எட்டிப் பார்க்காதவர், இப்போது தரையெல்லாம் நுரையும் கோழையுமாகப் பரவிக்கொண்டிருந்த அந்தக் கண்றாவியைப் பார்க்க வேண்டியதாயிற்று.

இந்த ஆர்டர் கைநழுவினால் ருசி அறையையே இழுத்து மூடிவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். வந்தவரோ அதுவரை பார்த்த எந்த டீக்கும் தலையை அசைக்கவில்லை. ஒரே ஒரு டீதான் பாக்கி. அதற்கு வெந்நீர் ஊற்றி, ஊறுவதற்காகக் கோப்பையை மூடி வைத்திருந்தான் தடுக்கி.

"நான் வர்றதுக்குள்ள இங்க ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அந்தக் கடைசி டீய கிண்ணத்துல வடிச்சு வை. அதையாவது உருப்படியா செய். இல்லேன்னா இன்னையோட நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று நாக்கு சார் தடுக்கியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, வந்தவரைக் கைகழுவும் இடத்துக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஆளுமில்லை, துணியுமில்லை. தன் கைக்குட்டையாலேயே அந்த ஷூவைத் துடைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டுதான் துடைத்தார். முடித்ததும் கைக்குட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டு, தோல் உரியும் அளவுக்குக் கையைத் தேய்த்துக் கழுவினார். மனைவி முகத்துக்காகத் தடுக்கியைச் சகித்ததெல்லாம் போதும், சாயங்காலமே சீட்டைக் கிழித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டார்.

திரும்பி வந்தபோது தரை சுத்தமாக இருந்தது. வாளி மூலைக்குப் போயிருந்தது. கடைசிக் கிண்ணம் நிறைய, நல்ல செம்பழுப்பு நிறத்தில் டீ.

வடித்த பிறகு, ஊறிய இலையை மூடியின் மேல் தட்டி, கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். இதற்கு மட்டும் மூடி மொட்டையாக இருந்தது. இலையையும் எங்கேயோ கொட்டித் தொலைத்திருக்கிறான் என்று நாக்கு சார் அவனை முறைத்தார். தடுக்கி தலையைக் குனிந்துகொண்டான்.

வந்தவர் வேண்டா வெறுப்பாக ஒரு கரண்டி உறிஞ்சினார். வாயில் உருட்டினார். துப்புவதற்கு வாளியைத் தேடியவர் அப்படியே நின்று, விழுங்கிவிட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"இத இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? ஒரு டீ மாதிரியே இல்ல, பத்து டீ சேர்ந்த மாதிரி இருக்கு. அடியில லேசா ஒரு உப்பு கரிக்குது பாருங்க, அதுதான் தூக்கிக் குடுக்குது."

நாக்கு சாரும் எடுத்துப் பார்த்தார். உண்மைதான். எங்கேயோ பழகின ருசி, காலையில்கூட நாக்கில் இருந்த மாதிரி. ஆனால் எந்தத் தோட்டத்து இலை என்றுதான் பிடிபடவில்லை. அவரும் விழுங்கினார்.

வந்தவர் அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். ருசி கொஞ்சமும் மாறக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் வைத்த நிபந்தனை. ஷூ ஈரத்தைக்கூட மறந்து, கைகுலுக்கிவிட்டுப் போனார்.

நாக்கு சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னொருவர் கரண்டி பட்ட கிண்ணம் என்பதையும் மறந்து, மிச்சமிருந்ததை அண்ணாந்து குடித்து முடித்தார். சீட்டைக் கிழிக்கிற எண்ணமும் அதோடு உள்ளே போய்விட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனைப் பாசமாகக் கூப்பிட்டார்.

"மச்சான், இது எந்த டப்பாத் தூள்? எடு பாப்போம்."

தடுக்கி ஒரு டப்பாவை எடுத்து நீட்டினான். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த தாள் கிழியாமல் அப்படியே இருந்தது.

"இதத்தான் போடணும்னு வச்சிருந்தேன் அத்தான். மறந்துட்டேன். வடிச்சா வெறும் வெந்நீர்தான் வந்துச்சு. நீங்க வேற வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிட்டுப் போனீங்களா..."

"அப்போ கிண்ணத்துல இருந்தது?"

தடுக்கியின் பார்வை மூலைக்குப் போய்த் திரும்பியது.

"அதுவும் டீதானே அத்தான், வடிகட்டித்தான் ஊத்தினேன்."