மயில்சாமியின் வேட்டி

பிறந்து மூன்று நாளான குழந்தைக்குப் புதுத்துணி பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்தது. கணவன் மயில்சாமியின் பழைய வேட்டியை வெட்டிச் சின்னச் சட்டை தைக்க உட்கார்ந்தாள் பூவிழி. கத்தரி பூட்டிக்கொண்டது.

“இந்தத் துணி மயில்சாமியின் உடம்புக்குப் பதிவானது. வெட்டக் கம்பெனி அனுமதி வேண்டும்” என்றது கத்தரி.

பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு நூல்கூட அறவில்லை.

“ஏனுங்க, கம்பெனில கேளுங்களேன்!”

“அப்ப இருந்து கேட்டுட்டுத்தான் இருக்கறேன். புதுசு வாங்கிக்கச் சொல்றானுங்க.”

புதுசாம்! எரிச்சலில் வேட்டியை அப்படியே மடித்துக் குழந்தைக்குச் சுற்றினாள். அழுகை நின்றது. குழந்தை தூங்கிப்போனது.

சற்று நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

“மயில்சாமி எங்க? எடை மூணு கிலோவா இறங்கிருச்சு, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு வேட்டி தகவல் அனுப்பியிருக்குது” என்றார் ஊழியர்.

“நான்தானுங்க மயில்சாமி. நல்லாத்தானே நிக்கறேன்!”

ஊழியர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. நேராக உள்ளே போய்க் குழந்தையின் கையில் ‘மயில்சாமி’ என்று சீட்டுக் கட்டினார்.

“அதுக்கு இன்னும் பேரே வெக்கலீங்க!” என்று கத்தினாள் பூவிழி.

“வேட்டில இருக்குதுங்களேம்மா” என்றபடி அவர் குழந்தையைத் தூக்கினார்.