வேர் விட்டவர்

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேரும் ராஜினாமா! வாட்ச்மேன்ல இருந்து முதலாளி வரைக்கும் ஒருத்தர் மிச்சமில்ல!"

திரையைப் பார்த்துக் கத்தியவன் கமா. எப்போதோ ஒரு கமாவை விட்டுவிட்டு அரை நாள் அலுவலகத்தையே நிறுத்தி வைத்தவன். அன்றிலிருந்து அதுவே அவன் பெயராகிவிட்டது.

அடுத்த நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தான். "ஐயோ, என் பேருக்கு நேராவும் 'விலகினார்'னு நிக்குதே! கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகுது. மாமனார்கிட்ட என்னன்னு சொல்றது?"

"என்ன சொல்றது? வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டேன்னு சொல்லு."

மூத்தவளான அக்கா சிரிக்கவில்லை. அந்த டேட்டாபேஸ் பிரிவில் இருந்ததே இந்த மூன்று பேர்தான். அழிந்ததை மீட்பது அக்காவின் பொறுப்பு. பதினாலு வருடத்தில் ஒரு வரியைக்கூடத் தொலைத்ததில்லை என்று பெயர் வாங்கியவள். இன்று காலை வந்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை.

"யாரோ வேர் விட்டுட்டாங்க" என்றாள்.

கட்டளை எந்த ஆளுக்கு என்று சொல்லும் வரிக்கு அவர்கள் தொழிலில் ஆங்கிலத்தில் 'வேர்' (where) என்று பெயர். அதை எழுத மறந்தால், ஒருவருக்குப் போட்டது ஊருக்கே போய்ச் சேரும்.

"வேர் விட்டா மரம் தழைக்கணும். இங்க மரமே சாஞ்சு கிடக்குதே அக்கா!" என்றான் கமா.

தொலைபேசி அலறியது. மாப்பிள்ளை எடுத்துக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். "முதலாளி வாசல்லயே நிக்கிறாராம். அட்டையை எத்தனை தடவை தேய்ச்சாலும் கதவு திறக்க மாட்டேங்குதாம்!"

அதற்குள் மேலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். "யார் பண்ணாங்க, எப்படிப் பண்ணாங்கன்னு யாரும் ஆராய்ச்சி பண்ண வேண்டாம். தப்பு யார் வேணா பண்ணலாம். முதல்ல சரி பண்ணுங்க." சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல!" என்றான் கமா. யார், எப்போது, என்ன செய்தார் என்று தானாகக் குறித்து வைக்கும் லாக் பதிவை மாப்பிள்ளை திறந்து பார்த்தான். பத்து மணி நாற்பது நிமிடம், மேலாளரின் பெயர். இரண்டு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இரு, இரு" என்றான் கமா. "ஒருத்தர் பேரை மட்டும் எடுக்கத்தானே அவர் உட்கார்ந்திருப்பாரு? அந்த ஒருத்தர் யாரு?"

அங்கே தானாகப் போகிறவருக்கும் 'விலகினார்'தான், கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுகிறவருக்கும் 'விலகினார்'தான்.

"நானாத்தான் இருக்கும்" என்றான் கமா. "போன வாரம்கூட என் அறிக்கையைத் தூக்கி எறிஞ்சாரு."

"நான் பதினஞ்சு நாள் லீவு போட்டேனே..." என்றான் மாப்பிள்ளை.

அக்கா பேக்கப் பட்டியலைத் திறந்தாள். கமா நாற்காலியோடு அவள் பக்கம் நகர்ந்தான்.

"அக்கா, முழு பேக்கப் நேத்து ராத்திரியோடது. அதுக்கு மேல லாக்கை ஓட்டினா பத்து முப்பத்தொன்பது வரைக்கும் எல்லாம் வந்துடும். இன்னிக்கு வந்த கடுதாசி, உத்தரவு எல்லாம் சேர்ந்து வரும். அவர் மறுபடி ஒரு பொத்தானை அழுத்தினா போதும், அந்த ஆள் காலி. நேத்து ராத்திரியோட நிறுத்திட்டா, அந்த உத்தரவே இருக்காது. அந்த ஒருத்தர் பிழைச்சுக்குவாரு."

"அப்ப லாக் இல்லன்னு நான் பொய் சொல்லணும்."

"இன்னிக்கு வந்தது நாலு லீவு விண்ணப்பம்தான் அக்கா. அதைத் திரும்ப எழுதி வாங்கிக்கலாம். போன வேலையை எங்க போய் வாங்குறது?"

அக்கா சுட்டியை இரண்டு தரம் துடைத்தாள். பொய் வெளியே வந்தால் பதினாலு வருடப் பெயர் ஒரே நாளில் காற்றில் போய்விடும். அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மேலாளர் திரும்பி வந்தார். "எது வரைக்கும் மீட்க முடியும்?"

"நேத்து ராத்திரி வரைக்கும்தான் சார்."

"அதுக்கு மேல?"

"முடியாது சார்."

மாப்பிள்ளை குனிந்து, விசைப்பலகையில் இல்லாத தூசியை ஊதினான். மேலாளர் அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, செய்ங்க."

மீட்கும் வேலை இருபது நிமிடம் ஊர்ந்தது. பெயர்களுக்கு நேராக 'பணியில்', 'பணியில்' என்று வரிசையாக விழுந்தன. வாசலில் முதலாளிக்குக் கதவு திறந்தது என்று செய்தி வந்தது.

கமா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "எங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் வீட்டுல அடுப்பு எரியுதுன்னா அது உங்களாலதான் அக்கா. எங்களுக்காக வாய் கூசாம பொய் சொன்னீங்களே!"

"போடா, போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, அக்கா முடிந்ததைச் சொல்ல மேலாளர் அறைக்குப் போனாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து நான் எல்லார் முன்னாடியும் திட்டினதுக்கு, காலையில ஒன்பதே காலுக்கு நீங்க அனுப்பின ராஜினாமாவும் இதோட போயிடுச்சும்மா. அதை ஏத்துக்கப் போய்த்தான் இவ்வளவு வம்பும். மறுபடி ஒண்ணு அனுப்பிடறீங்களா?"

"எந்த ராஜினாமா சார்?" என்றாள் அக்கா.