பத்துத் தொட்டிச் செடி

ஆமைக்கு வாசல் நிறையச் செடி வைக்க ஆசை. கையில் இருந்த பணத்துக்கு மைனாவின் நர்சரியில் இரண்டு செம்பருத்திதான் கிடைக்கும் என்றார்கள். தெருமுனையில் செடி விற்ற ஆடு அதே பணத்துக்குப் பத்துத் தொட்டி தருவதாகச் சொன்னது.

"ஒண்ணுலகூட இலையே இல்லையே தம்பி?" என்று ஆமை கேட்டது.

"அதனாலதான் அக்கா இந்த விலை. வேர் நல்லா இருக்கு, பத்தே நாள்ல துளிர்த்துடும்."

ஆடு சொன்னது பொய்யில்லை. ஆமை வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றியது. பத்தாம் நாள் எல்லாத் தொட்டியிலும் துளிர் விட்டது. அன்றைக்கு ஆமைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் ஆடு வந்தது.

"வித்ததோட விட்டுடற ஆள் நான் இல்லக்கா. செடி எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆமைக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காபி போட உள்ளே போனது. ஆமை காபி போட்டு எடுத்துவரச் சற்று நேரம் பிடிக்கும். டம்ளரோடு திரும்பியபோது ஆட்டைக் காணோம். தொட்டிகளில் வெறும் குச்சிகள்தான் நின்றன.

மதில்மேல் இருந்த அணில் மூச்சிரைக்கச் சொன்னது: "அக்கா, எல்லாத்தையும் அந்த ஆடுதான் தின்னுச்சு! ஒரு துளிர்கூட விடல. என் கண்ணால பார்த்தேன்."

ஆமை குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இவ்வளவு ருசியான செடியையா அந்தத் தம்பி எனக்கு இந்த விலைக்குக் கொடுத்துச்சு?" என்றது.

அன்று மாலையே போய் இன்னும் பத்துத் தொட்டி வாங்கிவந்தது.