ஜன்னலோர சீட்

மினிபஸ் டிரைவர் கொளஞ்சி, மனைவி மலர்க்கொடியின் முதல் தெவசத்துக்குள் தான் ஓட்டும் குமராட்சி ரூட் பஸ்ஸைக் கையளவு பொம்மையாகச் செய்து முடிக்கத் துடித்தார். சிலிக்கான் பசையில் சோளமாவைப் பிசைந்து சீட்டுக்கு அச்சு எடுத்தார்.

"என்ன மாமா, போண்டாவா?" பக்கத்து வீட்டு இளவரசிக்கு மூக்கை நீட்டாவிட்டால் பொழுது போகாது.

"பஸ்ஸு சீட்டும்மா."

அந்த ஒரே அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த முதல் பதினொரு சீட்டும் தட்டையாகத்தான் வந்தன. மலர்க்கொடி எப்போதும் உட்காரும் ஜன்னலோர சீட்டுக்குப் பன்னிரண்டாவதாக ஊற்றியது மட்டும், ஆள் உட்கார்ந்த மாதிரி பள்ளத்தோடு வந்தது. மூன்று முறை உடைத்து ஊற்றியும் அதே பள்ளம்.

"மாவு ஜாஸ்தியா போட்டிருப்பீங்க" என்று தீர்ப்பு சொன்னாள் இளவரசி.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். தெவசத்தன்று கொளஞ்சி தொட்டுப் பார்த்தார். நாலு நாளாகியும் அந்த சீட்டின் சூடு ஆறவில்லை.

"ஏறிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ்ஸின் கதவை ஒட்டினார்.