இரவல் கோல்

மெத்தையில் மல்லாந்து கிடந்தாள்.

கையில் ஊன்றித் தாண்டிய கோலின் பாதி இருந்தது. மற்றப் பாதி எங்கே தெறித்ததென்று தெரியவில்லை.

மேலே குறுக்குக் கம்பி அசையாமல் இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

மருத்துவக் குழுவுக்கு முன்பே பிரின்ஸி ஓடி வந்தாள்.

“எங்க அடி? கையக் காட்டு. கழுத்த அசைச்சுப் பாரு.”

உள்ளங்கை கிழிந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

“பரவால்ல, எந்திரி.”

கோல் பிரின்ஸியுடையது.

விழுந்தவளின் சொந்தக் கோல்கள் கொழும்பைத் தாண்டவில்லை. நீளம் அதிகம் என்று விமானத்தில் ஏற்றாமல் விட்டார்கள். அடுத்ததில் வரும் என்றார்கள். போட்டியன்று காலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒவ்வொரு நாட்டுக்காரியிடமும் போய்க் கேட்டாள். யாரும் முறைக்கவில்லை. யாரும் தரவுமில்லை.

கடைசியாக இந்திய அணி. அதில் ஒருத்தி நாகர்கோவில்காரி. தமிழைக் கேட்டதும் திரும்பினாள். அவள்தான் பிரின்ஸி.

“எவ்வளவு வெயிட்டு நீ?”

கோலின் மேல்நுனியில் 55 கிலோ என்று எழுதியிருந்தது. அதைவிடக் கனத்த உடம்பை அது தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

அவள் ஐம்பத்தொன்பது.

தடகளத்துக்கென்று அவள் நாட்டிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர். மற்ற ஐவரும் முதல் சுற்றோடு திரும்பியிருந்தார்கள். ஊரில் அம்மா அயல்சனத்தையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி இருப்பா.

“அம்பத்தஞ்சு, அக்கா.”

பிரின்ஸி மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கோலைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இருவருக்கும் அந்த ஒரு கோல்தான். அவள் தாண்டி இறங்குவாள். பிரின்ஸி வாங்கிக்கொண்டு ஓடுவாள். ஒவ்வொரு உயரத்துக்கும் கம்பி ஏற, கோல் வளைகிற வளைவும் கூடிக்கொண்டே போனது. அவளுக்கு அது கைகளில் தெரிந்தது.

தெரிந்தும் ஊன்றினாள்.

இப்போது அது இரண்டு துண்டு.

நடுவர் வந்தார். கோல் முறிந்தால் அது தவறிய முயற்சி ஆகாது, இன்னொரு முறை தாண்டலாம் என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையைக் காட்டினாள். காயம் என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த பெயர் பிரின்ஸி.

முறிந்த கோலின் சொந்தக்காரியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

பிரின்ஸியிடம் இன்னொரு கோல் இருந்தது. பயிற்சிக்கு வைத்திருப்பது. மெல்லியது. அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோல் வளைந்துகொண்டே போனது. அவளைத் தூக்கிவிடவில்லை.

மூன்று முறையும் கம்பி விழுந்தது.

முந்தைய உயரத்தை இருவருமே தாண்டியிருந்தார்கள். பிரின்ஸி இரண்டாவது முயற்சியில். அவள் முதலாவதில்.

அவளுக்கு மூன்றாமிடம். பிரின்ஸிக்கு நான்காமிடம்.

வேலிக்கு அப்பால் அவளுடைய பயிற்சியாளர் துள்ளிக்கொண்டிருந்தார். “வெண்கலம், பிள்ளை! வெண்கலம்!” மாஸ்ரர் அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பிரின்ஸி வாங்குப் பலகையில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த பட்டியை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

“அக்கா, நான் பொய் சொன்னனான்.”

பிரின்ஸி நிமிர்ந்தாள்.

“நான் அம்பத்தஞ்சு இல்லை. அம்பத்தொன்பது.”

பட்டியை உரித்த கை நின்றது.

மைதானத்தின் மறுபக்கம் ஏதோ ஓட்டம் தொடங்கியது. கூட்டம் இரைந்தது.

“கழுத்து ஒடிஞ்சிருந்தா?”

அவள் கிழிந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

“என் கம்புல நீ செத்திருந்தா, நான் எப்படி இருப்பேன்னு நெனச்சியா?”

அவள் நினைத்திருக்கவில்லை. கோல் முறியுமா என்று மட்டும் நினைத்தாள். முறிந்தால் மன்னிப்புக் கேட்கலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

இந்தியப் பயிற்சியாளர் வேகமாக வந்தார். முறிந்த துண்டு அவர் கையில் இருந்தது.

“இந்தப் புள்ளைக்கு எதுக்குக் குடுத்தே? வெயிட்டக் கேட்டுத்தான குடுத்தே?”

பிரின்ஸி சொல்லிவிடட்டும் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

“கேட்டுத்தான் சார் குடுத்தேன்.” பிரின்ஸி அவளைப் பார்க்கவில்லை. “பழைய கம்பு. எப்பவோ கீறல் விட்டிருக்கும்.”

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலுத்துக்கொண்டு போனார்.

“அக்கா...”

பிரின்ஸி எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போய் உட்கார்ந்தாள்.

பதக்கத்துக்கு அழைத்தபோது ஒலிபெருக்கி அவள் பெயரை உச்சரிக்கத் திணறியது. நாட்டின் பெயரைச் சரியாகச் சொன்னது. கைதட்டல் பெரிதாக இருந்தது. சின்ன நாட்டுக்கென்று சனங்கள் கொஞ்சம் கூடவே தட்டினார்கள்.

மேடையில் மிகத் தாழ்ந்த படி அவளுடையது. அதில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

அங்கிருந்து பிரின்ஸி தெரிந்தாள். முதுகைத் திருப்பி, மெல்லிய கோலை நீண்ட உறைக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

பதக்கம் அணிவிக்க வந்த பெரியவர் அவளைக் குனியச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போட்டுவிட்டுக் கைகுலுக்கினார். காயம்பட்ட கை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மூன்று கொடிகளும் ஏறத் தொடங்கின. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

மாஸ்ரரின் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

“நிமிந்து பார், பிள்ளை! அங்க பார், ஏறுது!”