தனி வயலினில் ஒரு தடுமாற்றம்

மகளின் முதல் இசைத்தட்டுக்குப் பத்திரிகையில் விமர்சனம் வந்திருந்தது. அம்மா அதை உரக்கப் படித்தாள்.

“ஆர்கெஸ்ட்ராவோட வாசிச்ச கான்செர்டோ அபாரமாம். தனி வயலினும் பிரமாதமாம். அதுல கடைசியா வர்ற வேகமான பகுதியில மட்டும் விரல் இறுகிப்போச்சுன்னு எழுதியிருக்கான். கேட்டவன் காதுல பஞ்சு போலிருக்கு!”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

“ஊரே பாராட்டுது. நீங்க ஏன் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

மகள் அவர் எதிரில் வந்து நின்றாள். “மூணு தலைமுறையா வயலின் வாசிக்கிற வீடு. பேரைக் கெடுத்துட்டேன். கோவமாப்பா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“அன்னைக்கு நல்லாத்தான் வாசிச்சேன்னு நெனச்சேன். எப்படித் தப்பாச்சுன்னே தெரியல.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே பகுதியை அவள் திரும்பத் திரும்ப வாசிப்பது கேட்டது. ஒவ்வொரு முறையும் தண்ணீர்போல் ஓடியது.

“போய் ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லுங்களேன்” என்றாள் அம்மா.

கதவுவரை போனார். தட்டக் கை எழவில்லை.

ஒலிப்பதிவன்று மகள் வயலினை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். “இந்த இடம் நம்ம குடும்பத் தரத்துக்கு வரல. அவகிட்ட மூச்சு விடாதீங்க” என்று அப்பா ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டு, அந்தக் கடைசிப் பகுதியைத் தானே வாசித்து ஒட்டவைத்திருந்தார்.

உள்ளே மகள், அப்பாவின் பிழையைத் திருத்த மறுபடி வில்லை எடுத்தாள்.