எதிர்ப்பக்கம்

“உங்கம்மாகிட்ட சொல்லு, பொம்மைச் சண்டைக்குக் கணக்குப் போடறவங்க அடுப்புல பால் இருக்கறதையும் கொஞ்சம் நினைப்புல வச்சுக்கணும்னு.”

அத்தை சொன்னதை ஒன்பது வயதுப் பாப்பா அப்படியே அம்மாவிடம் வந்து ஒப்பித்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அத்தையிடம் போய்ச் சொல் என்றாள் அம்மா. அத்தை நின்றிருந்தது நாலடி தள்ளித்தான்.

எட்டு மாதமாக அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு இந்த லட்சணத்தில் நடக்கிறது. நாத்தனார் புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இயந்திரங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்ப்பது அவள் வேலை. ஒருநாள் ஏதோ கோபத்தில், இன்னும் எத்தனை நாளைக்கு இங்கேயே இருப்பதாக உத்தேசம் என்று அண்ணி கேட்டுவிட்டாள். கேட்டது ஒரே தடவை. அன்றிலிருந்து இடையில் மாட்டிய கணவனுக்கு, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

பால் பொங்கக் காரணமான பொம்மைச் சண்டை இணையத்தில் நடப்பது. இரண்டு வீரர்கள் மோதுவார்கள். இரண்டு பேரையும் ஆட்டிவைப்பது கம்ப்யூட்டர். யார் ஜெயிப்பார் என்று பார்க்கிறவர்கள் புள்ளி கட்டுவார்கள். பணம் கிடையாது, வெறும் புள்ளி. தோற்ற பக்கம் கட்டியவர்களின் புள்ளியெல்லாம் ஜெயித்த பக்கம் கட்டியவர்களுக்குப் போய்விடும். மாதக் கடைசியில் முதலிடத்தில் இருப்பவர், தாம் விரும்பும் ஒரு வீரரை வரைந்து அனுப்பி ஆட்டத்தில் சேர்க்கலாம்.

பாப்பா ஒரு வீராங்கனையை வரைந்திருந்தாள். பெயர் குடைக்காரி. விரித்தால் கேடயம், மடக்கினால் ஈட்டி. அவளை ஆட்டத்தில் சேர்க்கிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்றது, சைக்கிள் பழக்குகிறேன் என்றது எல்லாம் ஷிஃப்டு வேலையில் காற்றோடு போயாயிற்று. இதுவும் போனால் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

மாதம் முடிய இருபது நாள். அவள் இருந்த இடம் இருநூற்றுப் பதினான்கு. பேசாமல் ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்துவிடேன் என்றான் கணவன்.

“அவ பொம்மை கேக்கலைங்க. நான் சொன்னதைச் செய்வேனான்னு பாத்துட்டிருக்கா.”

திருகாணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் அவள். முப்பது திருகாணியை அளந்து முப்பதாயிரத்தின் லட்சணத்தைச் சொல்கிறவளுக்கு இது என்ன பிரமாதம்? நாலாயிரத்து அறுநூறு பழைய சண்டைகளை நோட்டில் எழுதி அலசினாள். கூட்டம் உருவத்தைப் பார்த்து, மலைமாடு மாதிரி இருக்கும் வீரர்கள் மேல் கட்டுகிறது. அந்த மலைமாடுகளோ, தள்ளி நின்று ஆயுதம் எறிகிறவர்களிடம் உதை வாங்குகின்றன. ஊரோடு ஒத்து வாழலாம், கட்டும்போது மட்டும் ஒத்துப்போகக் கூடாது என்று முடிவு கட்டினாள். தினமும் ஆறே ஆட்டம்.

முதல் நாளே ஒரு வில்லன் முளைத்தான். பட்டியலில் முதலிடத்தில் இருந்தவன், கட்டினால் தப்பாது என்று பேர் வாங்கியவன், பட்டப்பெயர் ஒற்றைக்கொம்பு, கையில் அறுபத்தொரு லட்சம் புள்ளி. ஆட்டம் முடிந்து யார் யார் கட்டினார்கள் என்று திறந்து பார்த்தால், இவள் கட்டிய அடுத்த நொடி அவன் எதிர்ப்பக்கம் கட்டியிருந்தான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

“என்னை மிதிக்கப் பாக்கறான். பாக்கட்டும்,” என்றாள் கணவனிடம். “நானா அவனான்னு பாத்துடறேன்.”

எதிர்ப்பக்கம் கட்டிக் கட்டி அவன் தோற்றான். அவன் புள்ளியெல்லாம் இவள் பக்கம் வந்து கொட்டியது. தலைக்கனம் கண்ணை மறைக்கிறது என்று இவளுக்கு ஒரே சந்தோஷம். இருநூற்றுப் பதினான்கு எண்பதாயிற்று, எண்பது ஒன்பதாயிற்று. பின்னறையிலிருந்து குத்தல் பேச்சு வந்தபோதும், கண்ணெரிச்சல் வந்தபோதும் விடவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் கடைசி ஆட்டம் முடிந்தது. பட்டியலில் அவள் பெயர் முதலில் வந்து நின்றது. பாப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாக்கைக் காப்பாற்றிவிட்டாள்.

ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? முப்பதுக்கு முப்பதும் சரியாக இருந்தால் பரிசோதகர் சந்தோஷப்பட மாட்டார், அளக்கிற கருவியைச் சந்தேகப்படுவார். நோட்டை எடுத்தாள். மொத்தம் நூற்றிருபது ஆட்டம். எண்பத்தொன்பதில் அவளுக்கு ஜெயம். அந்த எண்பத்தொன்பதிலும் ஒற்றைக்கொம்பு எதிர்ப்பக்கம் கட்டித் தோற்றிருந்தான்.

அவள் தோற்ற முப்பத்தொன்று? எரிச்சலில் அந்த ஆட்டங்களில் யார் யார் கட்டினார்கள் என்று அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. நல்லதை மட்டும் எண்ணிவிட்டுக் கழிவைப் பார்க்காமல் விடுவது, வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு. இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முப்பத்தொன்றில் ஒன்றில்கூட அவன் கட்டவில்லை. எதிர்ப்பக்கம் கட்டியிருந்தால் இவள் புள்ளியை அள்ளியிருக்கலாம். கட்டாமல் ஒதுங்கி நின்றிருக்கிறான். யார் தோற்பார் என்று இவளைவிட நன்றாகத் தெரிந்தவன், வேண்டுமென்றே எண்பத்தொன்பது முறை தோற்று, அறுபத்தொரு லட்சத்தையும் கொட்டித் தீர்த்திருக்கிறான்.

யார் இந்த மனுஷன் என்று அவள் திகைத்துக்கொண்டிருந்தபோதே திரையில் ஒற்றைக்கொம்பிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

“அண்ணி, குடைக்காரிக்கு இடது கால்ல செருப்பு வரைய மறந்துட்டா. அனுப்பறதுக்கு முன்னாடி போட்டுடச் சொல்லுங்க.”